கதையை முடித்து வைத்த பெண்கள்: ஷெர்லாக் ஹோம்ஸ் சின்னத்திரைக்கு வந்தபோது

ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு தொப்பி, ஒரு புகைக்குழாய், பக்கத்தில் ஒரு டாக்டர் வாட்சன். பெண் என்று யாரும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் வருகிறவர்களை மாடிக்கு அனுப்பி வைக்கும் வீட்டுக்காரம்மா திருமதி ஹட்சன்தான். ஆனால் ஆர்தர் கானன் டாயில் எழுதிய 56 சிறுகதைகளையும் 4 நாவல்களையும் பொறுமையாகப் புரட்டினால் ஒரு வேடிக்கை தட்டுப்படும். சில கதைகளில் துப்பறிவது மட்டும்தான் ஹோம்ஸ். விவகாரத்தை முடித்து வைப்பது ஒரு பெண்! அப்படிப்பட்ட மூன்று கதைகளைத் தொலைக்காட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

(எச்சரிக்கை: கதை முடிவுகள் எல்லாம் கீழே போட்டு உடைக்கப்பட்டிருக்கின்றன. இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் கதை, 1891 ஜூலையில் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வெளிவந்த 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா'. அதற்கு முன் இரண்டு ஹோம்ஸ் நாவல்கள் வந்திருந்தன. சிறுகதை என்று பார்த்தால் இதுதான் முதல். பொஹீமியா மன்னர் முகமூடி மாட்டிக்கொண்டு பேக்கர் தெருவுக்கு வருகிறார். பட்டத்து இளவரசராக இருந்த காலத்தில் ஐரீன் ஆட்லர் என்ற ஓபரா பாடகியோடு அவருக்குப் பழக்கம். இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று ஐரீனிடம் இருக்கிறது. இப்போது மன்னருக்கு வேறொரு அரச குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. படம் அங்கே போய்ச் சேர்ந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம்.

மன்னர் சும்மா இருக்கவில்லை. கூலிக்குத் திருடர்களை வைத்து இரண்டு முறை ஐரீன் வீட்டைக் குடைந்திருக்கிறார். ஒரு முறை பயணத்தில் பெட்டிகளைத் திசைதிருப்பினார். இரண்டு முறை வழிமறிக்க வைத்தார். ஆக மொத்தம் ஐந்து முயற்சி, ஐந்தும் தோல்வி. (இத்தனையும் செய்த ஆள்தான் தன்னைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்கிறார்!)

ஹோம்ஸ் முதலில் குதிரைக்காரர் வேடத்தில் போகிறார். போன இடத்தில் ஐரீனுக்கும் நார்ட்டன் என்ற வக்கீலுக்கும் நடக்கும் அவசரக் கல்யாணத்துக்குச் சாட்சியாகவே நிற்க வேண்டியதாகிறது. அடுத்து பாதிரியார் வேடம். தெருவில் ஒரு பொய்ச் சண்டை, ஜன்னல் வழியாக வாட்சன் எறிந்த புகைக்குண்டு, 'தீ! தீ!' என்ற கூச்சல். பதறிப்போன ஐரீன் படம் ஒளித்து வைத்த இடத்தை நோக்கி ஓட, ஹோம்ஸ் அதைக் கண்டுகொள்கிறார். மறுநாள் காலை மன்னரையும் அழைத்துக்கொண்டு படத்தை எடுக்கப் போனால் வீடு காலி. முந்தின இரவே ஐரீன் ஆண் உடை போட்டுக்கொண்டு ஹோம்ஸைப் பின்தொடர்ந்து பேக்கர் தெரு வாசல்வரை வந்து, அவருக்கே இரவு வணக்கமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மகா துப்பறிவாளருக்குக் குரல் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது, ஆள் யாரென்று தெரியவில்லை! படத்தை இனி யாருக்கும் அனுப்ப மாட்டேன், ஆனால் பாதுகாப்புக்காக நானே வைத்துக்கொள்வேன் என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கணவரோடு காலை ரயிலில் நாட்டை விட்டே போய்விட்டார்.

கதை முழுக்க ஐரீன் நேரடியாகப் பேசுவது சில வரிகள்தான். கடிதத்தையும் சேர்த்தால்கூட ஒரு பக்கம் தேறும். ஆனால் முடிவு அவருடையது. படம் யாரிடம் இருக்க வேண்டும், என்னவாக வேண்டும் என்பதை மன்னரோ ஹோம்ஸோ முடிவு செய்யவில்லை.

இரண்டாவது கதை 1904-ல் வந்த 'சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன்'. மில்வர்ட்டன் கடிதங்களை விலைக்கு வாங்கிப் பெரிய இடத்துப் பெண்களை மிரட்டிப் பணம் பறிப்பவர். அவர் வீட்டு விவரம் தெரிந்துகொள்ள, ஹோம்ஸ் குழாய் ரிப்பேர்க்காரர் வேடம் போட்டு வேலைக்காரப் பெண்ணைக் காதலிப்பதாக நடித்து நிச்சயதார்த்தம் வரைக்கும் போய்விடுகிறார். 'அந்தப் பெண்ணின் கதி?' என்று வாட்சன் கேட்டதற்குத் தோளைக் குலுக்கியதோடு சரி. பிறகு இரவில் ஹோம்ஸும் வாட்சனும் திருடப் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது, மில்வர்ட்டனால் வாழ்க்கை அழிந்த ஒரு சீமாட்டி உள்ளே வந்து அவரைச் சுட்டுக் கொல்கிறார். தடுக்கப் பாய்ந்த வாட்சனின் கையை ஹோம்ஸ் பிடித்து நிறுத்திவிடுகிறார். அந்தச் சீமாட்டிக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது.

மூன்றாவது, 1924-ல் வந்த 'தி இல்லஸ்ட்ரியஸ் கிளையன்ட்'. பெண்களை மயக்கிச் சீரழிக்கும் குரூனர் என்ற பிரபு. அவரால் வாழ்க்கை கெட்ட கிட்டி விண்ட்டர், ஹோம்ஸுக்கு உதவுவதாக உடன் வந்து, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்திருந்த திராவகத்தைக் குரூனரின் முகத்தில் வீசிவிடுகிறார். நியாயமா என்றால் நியாயமில்லை, நீதிமன்றமும் தண்டிக்கிறது (குறைந்தபட்ச தண்டனைதான்). ஆனால் செயல் கிட்டியுடையது.

சரி, இனி சின்னத்திரை.

இங்கிலாந்தில் பி.பி.சி. 1951-லேயே ஆறு ஹோம்ஸ் கதைகளைத் தொடராக ஒளிபரப்பியது. அவற்றில் ஐரீன் கதையும் ஒன்று. திரைக்கதை எழுதியவர் ஒரு பெண்! 'அப்சர்வர்' ஞாயிறு இதழின் புகழ்பெற்ற சினிமா விமர்சகர் சி.ஏ. லெஜ்யூன். அன்றைய வழக்கப்படி நாடகம் போல நேரலையாக நடித்துக் காட்டினார்கள், பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. சோவியத் யூனியனில் இகோர் மாஸ்லென்னிகோவ் இயக்கி 1979 முதல் 1986 வரை வந்த தொடரில், ஐரீன் கதை தனிக்கதையாக வராமல், 1983-ல் வேறொரு கதையின் நடுவே பழைய நினைவாக வந்துபோகிறது. அந்தத் தொடரில் எல்லோரும் கொண்டாடியது ரீனா ஸெல்யோனயா என்ற மூத்த நகைச்சுவை நடிகையின் திருமதி ஹட்சனைத்தான். எழுபது வயதைத் தாண்டி நடித்தார்.

நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது கிரனாடா தொலைக்காட்சியின் தொடர். ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்து 1984 முதல் 1994 வரை 41 கதைகள். 1984 ஏப்ரல் 24 அன்று முதல் கதையாக அவர்கள் தேர்ந்தெடுத்தது ஐரீன் ஆட்லர் கதையை. யோசித்துப் பாருங்கள். புதுக் கதாநாயகனை அறிமுகம் செய்யும் முதல் நாளே அவர் ஒரு பெண்ணிடம் தோற்கிறார்! திரைக்கதை அலெக்சாண்டர் பேரன். ஐரீனாக வந்தவர் அமெரிக்க நடிகை கேல் ஹன்னிகட் (மூலக்கதையிலும் ஐரீன் அமெரிக்கர்தான், நியூ ஜெர்சியில் பிறந்தவர்). கதையை வளைக்கவில்லை. ஆண் உடை, வாசலில் இரவு வணக்கம், காலி வீடு, கடிதம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன.

இதே தொடரில் 1992 ஜனவரியில் மில்வர்ட்டன் கதை 'தி மாஸ்டர் பிளாக்மெய்லர்' என்ற பெயரில் முழுநீளப் படமாக வந்தது. சிறுகதையோ சின்னது, நேரமோ ஒன்றரை மணிக்கு மேல். இட்டு நிரப்பியாக வேண்டும். திரைக்கதை ஆசிரியர் ஜெரமி பால் எதைக்கொண்டு நிரப்பினார் என்பதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம். கானன் டாயில் இரண்டு வாக்கியத்தில் தாண்டிப் போன வேலைக்காரப் பெண்ணை அவர் திரைக்குக் கொண்டுவந்தார். சோஃபி தாம்சன் நடித்த அந்த அப்பாவிப் பெண் குழாய் ரிப்பேர்க்காரரை உண்மையாகவே நேசிக்கிறார். பொய்க் காதலனாக நிற்கும் ஹோம்ஸ் அந்த அன்புக்கு முன்னால் தடுமாறுகிறார். மூலத்தில் தோள் குலுக்கலோடு போன விஷயம் இங்கே பார்ப்பவர் மனதை உறுத்துகிறது. ஒரு பெண்ணை ஏமாற்றித் தகவல் கறப்பதும், பெண்களின் கடிதத்தை வைத்துப் பணம் கறப்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கேட்காமல் கேட்கிறது. மில்வர்ட்டனைச் சுடுவதும் மூலத்தில் இருந்தபடி ஒரு பெண்தான். 1991-ல் எடுத்த குரூனர் கதையிலும் திராவகம் கிட்டியின் கையில்தான்.

கிரனாடாக்காரர்களைப் பெண்களின் காவலர்கள் என்று தூக்கி வைத்துவிடவும் கூடாது. 1987-ல் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலை எடுத்தபோது, நாவலில் வாட்சன் மணக்கும் மேரி மார்ஸ்டனைக் கடைசியில் அப்படியே அனுப்பி வைத்துவிட்டார்கள். கல்யாணமானால் வாட்சன் பேக்கர் தெருவை விட்டுப் போய்விடுவாரே! தொடரின் வசதிக்காக ஒரு பெண் கழற்றிவிடப்பட்டார், வாட்சன் கடைசிவரை பிரம்மச்சாரி.

அடுத்தது பலரும் பார்த்திருக்கக்கூடிய பி.பி.சி.யின் 'ஷெர்லாக்'. ஸ்டீவன் மொஃபாட், மார்க் கேட்டிஸ் இருவரும் உருவாக்கி, 2010 முதல் 2017 வரை 13 பாகங்கள் வந்தன. ஹோம்ஸைச் செல்பேசி காலத்துக்குக் கொண்டுவந்தார்கள், பெனடிக்ட் கம்பர்பேட்ச் உலகப் புகழ் பெற்றார். ஐரீன் கதை 2012 ஜனவரி 1 அன்று 'எ ஸ்கேண்டல் இன் பெல்கிரேவியா' என்று வந்தது. எழுதியவர் மொஃபாட். லாரா புல்வர் நடித்த ஐரீன் பாடகி அல்ல. பெரிய மனிதர்களைச் சவுக்கால் அடித்து இன்பம் தருவதைத் தொழிலாகச் செய்பவர். புகைப்படத்துக்குப் பதில் பூட்டிய செல்பேசி.

ஒன்றரை மணி நேரமும் ஐரீன் திரையை ஆள்கிறார். ஹோம்ஸுக்கு மயக்க ஊசி போட்டுக் கீழே சாய்க்கிறார், செத்துப் பிழைக்கிறார், அரசாங்கத்தையே மிரட்டுகிறார். மூலத்தில் கிடைத்த ஒரு பக்கத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய பதவி உயர்வு! ஆனால் அந்த யோசனைகள் ஐரீனுடையவை அல்ல, மோரியார்ட்டி என்ற ஆண் வில்லன் சொல்லிக்கொடுத்தவை என்று நடுவில் தெரியவருகிறது. கடைசியில் ஹோம்ஸ் செல்பேசியின் கடவுச்சொல்லை உடைத்துவிடுகிறார். எப்படி? ஐரீனின் நாடித் துடிப்பையும் விரிந்த கண்பாவையையும் வைத்து. ஹோம்ஸ் மீது உண்டான காதல்தான் கடவுச்சொல்! ஐரீன் கெஞ்சி நிற்கிறார். அதற்கும் மேலே, கராச்சியில் தலை வெட்டப்படும் நேரத்தில், மண்டியிட்டு இருக்கும் அவரை ஹோம்ஸே வந்து காப்பாற்றுவதோடு படம் முடிகிறது. 1891-ல் ஜெயித்துவிட்டு ரயிலேறிய பெண் 2012-ல் தோற்று, கெஞ்சி, காப்பாற்றப்படுகிறார்.

ஒளிபரப்பான உடனேயே இங்கிலாந்துப் பத்திரிகைகளில் இதைப் பற்றி வாதம் கிளம்பியது. மொஃபாட் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. மூலக்கதையில் ஐரீன் பெற்ற வெற்றி என்ன, வீட்டைக் காலி செய்து கணவரோடு ஓடிப்போனதுதானே, அது என்ன பெண்ணிய வெற்றி என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெற்றி என்பதை எதை வைத்து அளப்பது? ஐரீனுக்கு வேண்டியது மன்னரின் ஆட்களிடமிருந்து விடுதலை, விரும்பியவரோடு வாழ்க்கை, கையில் ஒரு பாதுகாப்பு. மூன்றும் கிடைத்தன. மன்னர் வைத்த வேலையாள் வெறுங்கையோடு நின்றார். ஒரு வியாபாரப் பேரத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் யார் ஜெயித்தது என்று யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

இது ஒரே ஒரு கதையில் நடந்த தற்செயல் என்றும் சொல்வதற்கில்லை. 2014 ஜனவரியில் அதே மொஃபாட் மில்வர்ட்டன் கதையை 'ஹிஸ் லாஸ்ட் வவ்' என்று எழுதினார். மிரட்டல்காரர் இங்கே மாக்னுசென் என்ற பத்திரிகை முதலாளி. மூலத்தில் வருவதுபோலவே இரவில் ஒரு பெண் துப்பாக்கியோடு அவர் முன்னால் நிற்கிறார். அவர் யார் என்றால் வாட்சனின் மனைவி மேரி! பழைய கூலிக் கொலையாளியாம். நியாயமாகப் பார்த்தால் இங்கேதான் மாக்னுசென் செத்திருக்க வேண்டும். ஆனால் மேரி சுடுவது உள்ளே நுழைந்த ஹோம்ஸை. மாக்னுசென் பிழைத்துக்கொள்கிறார். கடைசியில் அவரைச் சுட்டுக் கொல்வது ஹோம்ஸ், மேரியைக் காப்பாற்றுவதற்காக. பெயரில்லாத சீமாட்டிக்குப் பெயர் கிடைத்தது, பின்கதை கிடைத்தது, இரண்டு பருவம் வேலையும் கிடைத்தது. அவர் செய்த ஒரே காரியம் மட்டும் கதாநாயகன் கைக்கு மாறிவிட்டது. 2017-ல் மேரி ஹோம்ஸுக்கு வந்த குண்டைத் தானே வாங்கிக்கொண்டு இறந்தும் போகிறார்.

காரணம் எழுத்தாளரின் குணம் மட்டும் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கும் ஒன்று இருக்கிறது. 1891-ல் ஹோம்ஸ் ஒரு பெரிய சரக்கு அல்ல, தோற்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. 2012-ல் தொடரின் பெயரே 'ஷெர்லாக்'. பல நாடுகளுக்கு விற்கும் பண்டம் அந்த ஒரு மனிதர்தான். எனவே ஒவ்வொரு பாகத்தின் உச்சக்கட்டமும் அவர் முகத்தில் போய் முடிய வேண்டும் என்ற இழுப்பு எழுதுகிறவர்களுக்கு இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு முழுமையானதல்ல. 1984-ல் கிரனாடாவும் அதே பண்டத்தைத்தான் விற்றது, தோல்வியோடு தொடங்கி 41 கதை ஓட்டியது.

'ஷெர்லாக்'கில் நல்லது இல்லாமலும் இல்லை. மூலத்தில் இல்லாத மாலி ஹூப்பர் என்ற சவக்கிடங்கு மருத்துவரை உருவாக்கினார்கள். ஹோம்ஸ் செத்ததாக ஊரை ஏமாற்றியபோது அவர் நம்பிப் போனது மாலியிடம்தான். திருமதி ஹட்சன் 2017-ல் ஹோம்ஸைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டி வருவது இன்றும் சிரிக்க வைக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது ஜனீன். மில்வர்ட்டன் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் இடத்தில் வரும் மாக்னுசெனின் காரியதரிசி. ஹோம்ஸ் தன்னைக் காதலிப்பதாக நடித்தது தெரிந்ததும் ஜனீன் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஹோம்ஸைப் பற்றி இல்லாததும் பொல்லாததுமாகக் கிசுகிசுப் பத்திரிகைகளுக்குக் கதை விற்று, அந்தக் காசில் சசெக்ஸில் ஒரு வீடு வாங்கிவிட்டார்! 1904-ல் தோள் குலுக்கல், 1992-ல் கண்ணீர், 2014-ல் கிரயப் பத்திரம். மொஃபாட்டுக்கு இதற்காக ஒரு சபாஷ் போடலாம். (2016 ஜனவரியில் வந்த 'தி அபாமினபிள் பிரைட்' பாகத்தில், பெண் உரிமைக்காகத் திரண்ட பெண்கள் கூட்டத்தின் நடுவே நின்று ஹோம்ஸ் அவர்கள் கோரிக்கையை அவர்களுக்கே விளக்கியபோது அந்தச் சபாஷைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.)

அமெரிக்காவின் சி.பி.எஸ். 2012 செப்டம்பரில் தொடங்கிய 'எலிமெண்டரி', வாட்சனையே பெண்ணாக்கியது. லூசி லியூ நடித்த ஜோன் வாட்சன், முன்னாள் அறுவை மருத்துவர். செய்தி வந்ததும் 'அப்போ காதல் கதைதான்' என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 2019 வரை ஏழு பருவம், 154 பாகம் ஓடியது. காதல் வரவே இல்லை. ஜோன் துணைக்கு வந்து, தொழில் கற்று, தானே துப்பறிவாளராகிறார்.

இதிலும் ஐரீன் ஆட்லர் தோற்கத்தான் தோற்கிறார், ஆனால் விதம் வேறு. 2013 மே மாதம் வந்த முதல் பருவத்தின் முடிவில், ஹோம்ஸ் இறந்துவிட்டதாக நினைத்துத் துக்கம் காத்த காதலி ஐரீன் என்று ஒருத்தரே இல்லை, அது மோரியார்ட்டி போட்ட வேடம் என்று தெரிகிறது. மோரியார்ட்டி ஒரு பெண். நடித்தவர் நடாலி டோர்மர். ஜோனை ஹோம்ஸின் செல்லப்பிராணி போல ஏளனம் செய்யும் அவரைக் கடைசியில் மடக்குவது அந்த ஜோன் போட்ட திட்டம். ஹோம்ஸ் மீதான காதல்தான் இங்கேயும் பலவீனம். 'பெல்கிரேவியா'வின் அதே சூத்திரம். ஆனால் அதைக் கண்டுபிடித்தது இன்னொரு பெண்ணின் மூளை என்பதால் ருசி மாறிவிடுகிறது.

மூன்றாவது பருவத்தில் (2014-15) கிட்டி விண்ட்டர் வந்தார். குரூனரால் கடத்திச் சிதைக்கப்பட்டு உயிர் தப்பியவர், இப்போது ஹோம்ஸிடம் தொழில் கற்கிறார். குரூனர் கையில் சிக்கிய கட்டத்தில் கொல்வதா விடுவதா என்ற கேள்வி வருகிறது. இங்கே ஹோம்ஸ் குறுக்கே பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியிருக்கலாம், சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம், தானே சுட்டிருக்கலாம். தொலைக்காட்சியில் வழக்கம் அதுதானே! ஆனால் அவர் நண்பராக வந்து பேசிவிட்டு முடிவைக் கிட்டியிடமே விடுகிறார். கிட்டி கொல்லவில்லை. கானன் டாயில் எழுதியபடி முகத்தைப் பொசுக்கிவிட்டு நாட்டை விட்டுப் போகிறார். 90 வருடத்துக்கு முந்தைய கதையில் அவர் கையில் இருந்தது அவர் கையிலேயே இருந்தது.

2018-ல் ஜப்பானில் 'மிஸ் ஷெர்லாக்' என்று எட்டுப் பாகத் தொடர் வந்தது. ஹோம்ஸாக யூக்கோ தாக்கேயுச்சி, வாட்சனாக ஷிஹோரி கன்ஜியா. துப்பறிபவரும் பெண், தோழியும் பெண், கடைசியில் வெளிப்படும் பெரிய வில்லனும் பெண். யார் முடித்து வைத்தாலும் ஒரு பெண்தான் முடித்து வைக்க வேண்டும் என்ற நிலை. தாக்கேயுச்சி 2020 செப்டம்பரில் காலமானார். அந்தத் தொடருக்கு இரண்டாவது பருவம் வரவில்லை.